தட்டினா தெரிஞ்சிடுமா?

மண்பானை வாங்குறப்போ பாட்டி விரலால சுண்டிப் பார்ப்பாங்களே, கவனிச்சிருக்கீங்களா? 'ணங்'னு வந்தா நல்ல பானை. சத்தம் செத்து வந்தா விரிசல். இதே டெக்னிக்கை விமானத்துக்கும் பயன்படுத்தினாங்கன்னு சொன்னா நம்புவீங்களா?

2005, மார்ச் 6. கியூபாவின் வரதேரோவில் இருந்து கனடாவுக்குக் கிளம்பிய ஏர் டிரான்சாட் ஏ310 விமானத்தின் வால் பக்கத்து ரட்டர் நடுவானில் பிய்ந்து போனது. உள்ளே 271 பேர்! நல்லவேளை, பைலட்டுகள் வரதேரோவுக்கே திருப்பிக் கொண்டுவந்து பத்திரமா இறக்கிட்டாங்க. அந்த ரட்டர் கார்பன் ஃபைபர் காம்போசிட். அதுக்கு அப்போ இருந்த சோதனை, கண்ணால பார்க்கிறதும் தட்டிப் பார்க்கிறதும்தான். உள்ளே இருக்கிற பழுதைக் கண்டுபிடிக்க இது போதாதுன்னு கனடா விசாரணை அறிக்கை சொன்னது.

'அதான் அல்ட்ராசானிக் டெஸ்ட் இருக்கே பாஸ்'னு மெக்கானிக்கல் மக்கள் கையைத் தூக்குவீங்க. இருக்கு. ஆனா, ஒரு சிக்கலும் இருக்கு.

ஒரகடம் ஏரியாவில் கார், லாரி, பைக்னு பெரும்பாலும் உலோக ராஜ்ஜியம். ஸ்டீலுக்குள் ஒலி எந்தப் பக்கம் போனாலும் விநாடிக்கு சுமார் 5,900 மீட்டர். ஸ்டீல் மேல் ப்ரோபை வைத்து ஒலியை நேர் கீழே அனுப்புங்க. எக்கோ வர எவ்வளவு நேரம்னு பாருங்க. வேகத்தால் பெருக்கி, பாதியாக்கினா பழுது எவ்வளவு தூரத்தில்னு தெரிஞ்சிடும். ஸ்கூல் கணக்குதான்.

கார்பன் ஃபைபர் இந்தக் கணக்குக்கு அடங்காது. இழை போகிற திசையில் ஒலி சுமார் 9,000 மீட்டர் வேகத்தில் ஓடும். குறுக்கே போனா வெறும் 3,000! விறகு நீளவாக்கில் ஈஸியா பிளக்கும், குறுக்கே வெட்டினா கோடாலி திணறும் இல்லையா, அந்த மாதிரி. டூ மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின 'அனைசோட்ராபிக்' இதுதாங்க. இன்னொரு வில்லங்கம், சாய்த்து அனுப்பின ஒலி நேரா போகாம இழைப் பக்கமா ஒதுங்கிடும். நீங்க 45 டிகிரியில் தேடுவீங்க, ஒலி வேற எங்கேயோ போயிருக்கும். ஸ்க்ரீன் 'க்ளீன்'னு காட்டும். பழுது உள்ளே ஜம்முனு உட்கார்ந்திருக்கும்.

தட்டையான தகட்டில் நேர் கீழே அனுப்பினா இந்தத் தொல்லை இல்லை. ஸ்பானர் விழுந்து, வெளியே கீறலே இல்லாம உள்ளே அடுக்கு பிரிஞ்சிருந்தாக்கூட எக்கோ காட்டிக் கொடுத்துடும். மூலை, வளைவு, தடிமனான இடங்கள்தான் படுத்தும்.

அப்ப என்ன செய்யறது? முதல்ல அந்தத் தகடு எந்தத் திசையில் எவ்வளவு விறைப்புன்னு தெரியணும். பல கோணங்களில் ஒலி வேகத்தை அளந்து, அதிலிருந்து ஜெனிடிக் அல்காரிதம் வைத்து அந்த விறைப்பைக் கணக்கிடும் ஆய்வை 1998-லேயே வெளியிட்டவர்களில் ஒருவர் கிருஷ்ணன் பாலசுப்ரமணியம். பிறகு நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்குப் பேராசிரியரா வந்தார். அங்கே இந்தத் துறைக்குன்னே தனி ஆய்வு மையம் இருக்கு.

ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே வல்லம் வடகாலில் டிட்கோவின் ஏரோஸ்பேஸ் பூங்கா. ஸ்டீலில் கத்துக்கிட்ட கை கார்பன் ஃபைபரையும் தொட வேண்டி வரலாம். என்.டி.டி. கோர்ஸ் சேரப் போறீங்களா? ஃபீஸ் கேட்கறதுக்கு முன்னாடி, காம்போசிட்டுக்கு எந்த கேலிப்ரேஷன் பிளாக் வச்சிருக்காங்கன்னு கேளுங்க. அதே இழை, அதே அடுக்கு வரிசையில் செய்த பிளாக்கா இருக்கணும். ஸ்டீல் துண்டை எடுத்து நீட்டினாங்கன்னா, அடுத்த இன்ஸ்டிட்யூட்டைப் பாருங்க!