வழிப்பட்டியலும் காவற்பட்டியலும்

தில்லியில் வாழும் ஒருவர் தென்காசியிலுள்ள தம் தாயாருக்குக் கடிதம் எழுதி, முகவரியின் கீழே 627811 என்று குறிக்கிறார். தில்லியில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியருக்குத் தென்காசியின் தெருக்கள் தெரியா. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் இலக்கமாகிய 6-ஐக் கண்டு, தெற்கே செல்லும் பையில் அதனைச் சேர்த்ததும் அவருடைய கடமை முடிந்தது. பின்னர் 627 என்னும் முதல் மூன்று இலக்கங்கள் அதனைத் திருநெல்வேலிப் பகுதிக்குக் கொண்டு சேர்க்கின்றன. எஞ்சிய மூன்றும் அஞ்சல் நிலையத்தைக் காட்டுகின்றன. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த இம்முறையை நன்கு உணர்ந்தவர், கணினி வலையமைப்பின் பாதி இரகசியத்தை உணர்ந்தவரே ஆவார்.

பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் வேலை தேடி வந்துள்ள நம் இளைஞர் பலர், சி.சி.என்.ஏ. போன்ற சான்றிதழ்த் தேர்வுகளுக்குப் பகலில் உழைத்து இரவில் படிக்கின்றனர். அவர்களுட் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ரூட்டரில் ஒரு பட்டியல் இருக்கிறது. பயர்வால் என்னும் காவற்கருவியில் மற்றொரு பட்டியல் இருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். ஆனால் இரண்டையும் வாசிக்கும் விதி வேறு. இந்த வேற்றுமையையே இன்று நாம் விளக்க முற்படுகிறோம்.

முதலில் வழிப்பட்டியலைக் காண்போம். ஓர் அலுவலகத்து ரூட்டரில் மூன்று வரிகள் இருப்பதாகக் கொள்வோம். 10.20.0.0/16 என்பது சென்னைக் கிளைக்கு வழி, 10.20.5.0/24 என்பது மதுரைக் கிளைக்கு வழி, 0.0.0.0/0 என்பது வெளியுலகிற்கு வழி. கோட்டிற்குப் பின்னுள்ள எண், 32 இரும இலக்கங்கள் கொண்ட முகவரியில் முன்னிருந்து எத்தனை இலக்கங்களை ஒப்பிட வேண்டும் என்பதைக் குறிக்கிறது. /16 எனில் முதல் இரண்டு எண்கள். /24 எனில் முதல் மூன்று எண்கள். /0 எனில் ஒப்பிட வேண்டுவது ஒன்றுமில்லை.

10.20.5.9 என்னும் முகவரிக்கு ஒரு செய்திப் பொட்டலம் வருகிறது. மூன்று வரிகளுமே அதற்குப் பொருந்துகின்றன. எது வெல்லும்? மிகுதியான இலக்கங்கள் பொருந்தும் வரியே வெல்லும். ஆகவே பொட்டலம் மதுரைக்குச் செல்கிறது. வரிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருப்பினும் விடை மாறாது.

ஒரே நீளமுள்ள ஒரே வழியை இரு வகையில் அறிய நேர்ந்தால் மட்டுமே, எதனை நம்புவது என்ற கேள்வி எழுகிறது. சிஸ்கோ கருவிகளில் நேரே இணைந்த வழிக்கு 0, கையால் எழுதிய வழிக்கு 1, ஓ.எஸ்.பி.எப். முறையில் அறிந்த வழிக்கு 110, ஆர்.ஐ.பி. முறைக்கு 120 என்பன இயல்பான மதிப்புகள். எண் சிறியதாயின் நம்பிக்கை பெரிது. ஆயினும், கையால் எழுதிய /16 வழியும் ஓ.எஸ்.பி.எப். தந்த /24 வழியும் பொருந்துமாயின் /24 வழியே வெல்லும். நீளத்தை நோக்கிய பின்னரே நம்பிக்கையை நோக்குதல் வேண்டும். தேர்வில் மாணவர்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

இவ்விதியின் வலிமையை 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் உலகமே கண்டது. யூடியூப் நிறுவனம் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று அறிவித்திருந்தது. தன் நாட்டிற்குள் அத்தளத்தைத் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், அதில் ஒரு பகுதியை 208.65.153.0/24 என்று அறிவித்தது; அவ்வறிவிப்பு எல்லை கடந்து பிற நாடுகளுக்கும் பரவிவிட்டது. /24 என்பது /22-ஐ விட நீளமானது அன்றோ? ஆகவே உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குச் செல்ல வேண்டியவை பாகிஸ்தானை நோக்கித் திரும்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இக்குழப்பம் நீடித்தது. யூடியூப் தானும் /24 என்றும், பின்னர் அதனினும் நீளமான /25 என்றும் அறிவித்தே தன் வழியை மீட்க முயன்றது.

இனிக் காவற்பட்டியலுக்கு வருவோம். இங்கு நீளத்திற்குச் சிறப்பில்லை, வரிசைக்கே சிறப்பு. மேலிருந்து கீழாக வாசித்து, முதலில் பொருந்தும் வரியோடு கருவி நின்றுவிடுகிறது. நச்சுநிரல் புகுந்த 10.20.5.9 என்னும் கணினியைத் தடுக்க விரும்பும் ஒருவர், '10.20.0.0/16 முழுவதையும் அனுமதி' என்ற வரிக்குக் கீழே '10.20.5.9-ஐத் தடு' என்று எழுதுகிறார். இரண்டாவது வரி என்றைக்கும் வாசிக்கப்படாது. காவல் இருப்பதாக அவர் நம்பியிருக்க, கதவு திறந்தே கிடக்கிறது. குறிப்பான வரி மேலேயும் பொதுவான வரி கீழேயும் இருத்தல் வேண்டும்.

பட்டியல்களின் இறுதியிலும் ஒரு வேற்றுமை உண்டு. வழிப்பட்டியலின் 0.0.0.0/0, வழி தெரியாதவற்றையெல்லாம் வெளியே அனுப்புகிறது. காவற்பட்டியலின் முடிவிலோ, எழுதப்படாத ஒரு வரி இருக்கிறது: 'எஞ்சிய அனைத்தையும் தடு' என்பதே அது. 'அந்த ஒரு கணினியைத் தடு' என்று மட்டும் எழுதி, அனுமதி வரி எழுத மறந்தவர், அலுவலகம் முழுவதன் தொடர்பையும் துண்டித்து விடுகிறார்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. கடிதம் சென்றால் மட்டும் போதாது; மறுமொழி திரும்பவும் வழி வேண்டும். உள்ளிருந்து தொடங்கிய உரையாடலை நினைவில் வைத்து, அதற்குரிய மறுமொழியைத் தானே அனுமதிக்கும் காவற்கருவிகள் உண்டு. எளிய அனுமதிப் பட்டியலுக்கு அந்நினைவு இல்லை. திரும்பும் வழிக்கும் தனி வரி எழுத வேண்டும்.

இவ்வறிவு பொறியியல் பயின்றோருக்கே உரியது என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு தாளில் இரு பட்டியல்களையும் எழுதி, ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்துப் பழகுங்கள். வழிப்பட்டியலாயின் எல்லா வரிகளையும் ஒப்பிட்டு நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். காவற்பட்டியலாயின் முதலில் பொருந்திய வரியோடு நில்லுங்கள். பத்து முகவரிகளை இவ்வாறு நடத்திப் பார்த்தவருக்குத் தேர்வு அறையிலும், நாளை அவரை நம்பி ஓர் அலுவலகம் ஒப்படைக்கும் கருவியின் முன்னும் கை நடுங்காது.