ஓரியின் அம்பில் சிக்காத காளை

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியை வீழ்த்தி, மானையும் காட்டுப்பன்றியையும் உருவிக்கொண்டு போய், கடைசியில் உடும்பின் மேல் தைத்தது என்கிறது புறநானூறு. இந்தப் பட்டியலில் காட்டுக் காளை இல்லை. பாட்டு ஒன்றும் வனத்துறைக் கணக்கெடுப்பு அல்லதான். ஆனாலும் நான் சொல்லும் காளை ஓரியின் காலத்தில் இந்தப் பக்கம் திரிந்திருக்க வாய்ப்பில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் மேயும் காட்டுமாட்டை நான் சொல்லவில்லை. அது வேறு இனம். நம் தொழுவத்து மாடுகளுக்கு நேர் மூதாதையான 'ஆரோக்ஸ்' என்னும் ஆதிக்காளையைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் அதன் ஆண் விலங்கு தோள்வரைக்கும் சுமார் 180 சென்டிமீட்டர் உயரம் நின்றது. அதாவது நம்மில் பெரும்பாலோர் எட்டிப் பார்த்தாலும் அதன் முதுகுக்கு அந்தப் பக்கம் தெரியாது. பிரான்சின் லாஸ்கோ குகையில் ஆதிமனிதர்கள் தீட்டிய காளைகளில் ஒன்றின் நீளம் மட்டும் 5 மீட்டருக்கு மேல். யானையைவிடச் சற்றே சிறியது என்று எழுதிவைத்தார் ஜூலியஸ் சீசர். மிகைதான், ஆனால் எதிரே நின்று பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். உலகின் கடைசி ஆரோக்ஸ், ஒரு பசு, 1627இல் போலந்தின் யாக்டோருவ் காட்டில் இறந்தது.

இந்தியாவுக்கும் சொந்தமாக ஓர் ஆதிக்காளை இருந்தது. நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்த புதைபடிவங்களைக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் ஹியூ ஃபால்கனர் அதற்கு 'போஸ் நமாடிகஸ்' என்று பெயரிட்டார். ஐரோப்பிய உறவினரைவிட உடல் சிறியது. உடலோடு ஒப்பிட்டால் கொம்பு பெரியது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், பலுசிஸ்தானின் மெஹர்கர் பகுதியில் இதைப் பழக்கத் தொடங்கினார்கள். திமில் கொண்ட நம் நாட்டு மாடுகள் அந்த வழி வந்தவை. பழகாமல் காட்டிலேயே நின்றவற்றின் மிகப் பிந்திய எலும்புகளுள் சில கர்நாடகத்தின் பனஹள்ளியில் கிடைத்தன. வயது ஏறத்தாழ 4,200 ஆண்டுகள். ஓரிக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முந்தையவை.

ஆக, கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் சாமையும் கேழ்வரகும் விதைக்கும் படிக்கட்டு வயலில் ஏர் இழுக்கும் எருது, அந்தப் பூதத்தின் பேரன். சமவெளிக்கு இறங்கினால் காங்கேயம் மாட்டைப் பாருங்கள். கன்று சிவப்பாகப் பிறக்கும், சில மாதங்களில் சாம்பல் நிறமாகும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்துப்போகும். ஐரோப்பிய ஆதிக்காளையும் செம்பழுப்பாகப் பிறந்து, ஆண் மட்டும் கருமையேறி வளர்ந்ததுதான்.

இப்போது அந்தக் காளை மேய்வது விளையாட்டில். 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டில், பகடையை உருட்டிக் கதை நடத்துவார்கள். 2016இல் வந்த அதன் விலங்கு நூல் ஒன்றில் ஆரோக்ஸ் உண்டு. ஓர்க் என்னும் முரட்டுக் குலத்தார் அதன் மேலேறிப் போருக்குப் போகிறார்கள். உடல் வலுவை நன்றாகவே மதித்து, சாதாரண மாட்டைவிட இரு மடங்குக்கும் மேலான உயிர்ப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். அறிவுக்கு மட்டும் வெறும் 2. பக்கத்திலேயே உள்ள வீட்டுப் பசுவுக்கும் அதே 2.

இங்கேதான் எனக்கு வழக்கு. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆதிக்காளைகளின் மண்டையோடுகளையும் வீட்டு மாடுகளின் மண்டையோடுகளையும் அளந்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் அளவைக் கழித்துப் பார்த்தாலும், வீட்டு மாட்டின் மூளை கால் பங்கு சிறியது. எப்போதும் மனிதக் கையிலேயே வளரும் கறவை இனங்களில் சுருக்கம் அதிகம். சண்டைக் காளை இனங்களில் குறைவு. வாடிவாசலில் காளை வெளியே பாயும் முன் ஒரு கணம் நின்று கூட்டத்தை அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. புலியையும் ஓநாயையும் மனிதனையும் கவனித்தே பிழைக்க வேண்டிய விலங்குக்கு அச்சமும் எச்சரிக்கையும் தேவை. தொழுவத்தில் அவை இடைஞ்சல். அதிகம் மிரளும் மாட்டை யாரும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டு எழுதுபவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு திருத்தம்: வீட்டு மாட்டுக்கு 2 என்றால், காட்டுக் காளைக்கு 3 கொடுப்பதுதான் நியாயமான கணக்கு.