காற்றுக்கு அஞ்சும் சிற்றீ

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் கரடி இல்லை. ஓநாயும் வேட்டையாடி அழிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் கோடை மாலையில் ஏரிக்கரையில் அமர்ந்திருப்போரைக் கூடாரத்துக்குள் விரட்டும் ஆற்றல் அங்கே ஓர் உயிரிக்கு உண்டு. அதன் சிறகின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். ‘மிட்ஜ்’ என்று அந்நாட்டார் அழைக்கும் அக்கடியீயின் அறிவியற்பெயர் கியூலிகாய்டிஸ் இம்பங்க்டேட்டஸ். கொசுவுக்கு உறவேயாயினும் இது கொசுவன்று. வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த சிற்றீ.

இதன் பெருக்கத்துக்கு நிலமும் துணை, உடலமைப்பும் துணை. செடிகொடிகள் முற்றும் மட்காமல் நீரூறிக் கிடக்கும் புளிப்புச் சேற்றுநிலம் மலைநாட்டின் மேற்கே பரந்து கிடக்கிறது. அச்சேற்றின் மேலடுக்கில் இளம்புழுக்கள் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. மே மாதத்தில் ஆண் ஈக்கள் முதலில் வெளிப்படும். பெண் ஈக்கள் சில நாள் பிந்தி வரும். ஆண் குருதி குடிப்பதில்லை. பெண்ணும் தன் முதல் ஈட்டு முட்டைகளைக் குருதியின்றியே இடும். புழுப்பருவத்தில் சேர்த்துவைத்த ஊட்டமே அதற்குப் போதும். அடுத்த ஈட்டுக்குத்தான் அது குருதியை நாடுகிறது. மானும் மாந்தரும் அரிதாகவே நடமாடும் வெளியிலும் இவ்வினம் குன்றாமல் பெருகுவதற்கு இதுவே காரணம். மருந்து தெளித்து அழித்துவிடலாம் என்றால், சேற்றுநிலத்தின் பரப்பு அதற்கு இடந்தராது. எனவே காப்பு, அங்கே செல்பவரின் அறிவைப் பொறுத்தது.

பெண் ஈ முதலில் உணர்வது நாம் வெளிவிடும் கரியமில வளியை. காற்றில் மிதந்துவரும் அம்மூச்சின் தடத்தைப் பற்றி எதிர்த்திசையில் பறந்து நெருங்குகிறது. அண்மையில் வந்தபின் தோலின் மணம் வழிகாட்டுகிறது. எல்லாரும் ஒரே அளவில் கடிபடுவதில்லை. ஆபர்தீன் பல்கலைக்கழகத்தாரும் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தாரும் இதை ஆராய்ந்தனர். சிலருடைய தோலிலிருந்து எழும் கீட்டோன் வகைச் சேர்மங்கள் பூச்சியை ஈர்க்கும் மணத்தை மழுங்கச் செய்கின்றன என்று அவர்கள் கண்டனர்.

கொசு தன் ஊசிக்குழலைக் குருதிக்குழாய்க்குள் செலுத்தி உறிஞ்சும். சிற்றீயிடம் அத்தகைய நீண்ட கருவி இல்லை. பல்வரிசை கொண்ட தாடைகளால் தோலைக் கீறி, ஊறித் தேங்கும் குருதியை நக்கிக் குடிக்கிறது. குருதி உறையாதிருக்க அது கலக்கும் உமிழ்நீரை நம் உடல் அயற்பொருளென எதிர்ப்பதால்தான் தடிப்பும் அரிப்பும் தோன்றுகின்றன. சொறிந்தால் புண்ணாகும்; குளிர்நீரில் நனைத்த துணியும், தேவையெனில் ஒவ்வாமை தணிக்கும் மருந்தும் போதும். ஸ்காட்லாந்தில் இந்த ஈ மாந்தருக்கு நோயெதனையும் பரப்புவதில்லை. ஆனால் இதன் பேரினத்தைச் சேர்ந்த பிற ஈக்கள் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கடத்துபவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டு ஆடு வளர்ப்போர் அஞ்சும் நோய் அதுவே.

இனிக் காப்பு. இவ்வுயிரியின் குறைகள் ஒவ்வொன்றும் நமக்கு ஓர் அரண். முதற்குறை, காற்றை எதிர்க்க இயலாமை. மணிக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர் விரைவில் காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. ஆகவே மேட்டு முகடும் காற்றோட்டமுள்ள கரையும் தங்குவதற்கு ஏற்றவை. காட்டு மறைவும் பள்ளமும் அசையா நீரின் ஓரமும் ஏலாதவை. நடந்துகொண்டிருப்பவரைக் காட்டிலும் நின்று இளைப்பாறுபவரே மிகுதியாகக் கடிபடுவதும் இதனால்தான்.

இரண்டாவது, வெயிலும் வறட்சியும் ஒவ்வாமை. சுடர்வெயிலில் ஈ ஒடுங்கிக்கிடக்கும்; வைகறையிலும் அந்தியிலும் திரளும். முகில் மூடிய ஈரநாளில் பொழுது முழுதும் அதன் ஆட்சியே. வடபுலக் கோடையில் அந்தி நெடுநேரம் நீள்வதால், இரவுணவை முன்னதாகவே சமைத்து முடித்துக்கொள்வது நன்று.

மூன்றாவது, வாயுறுப்பின் குறுமை. அது அடர்நெசவுத் துணியை ஊடுருவாது. முழுக்கைச் சட்டையும் நீள்காற்சட்டையும் பெருங்காப்பு. கருநிறம் ஈயை ஈர்ப்பதால் வெளிர்நிறமே தக்கது. ஆயினும் உடலின் சிறுமை ஒரு வகையில் அதற்கு வாய்ப்பாகிறது: கொசுவைத் தடுக்கும் வலையின் கண்களுக்குள் இது எளிதாக நுழைந்துவிடும். முகத்துக்கும் கூடாரத்துக்கும் கண் மிக நுண்ணிய தனிவலை வேண்டும்.

நான்காவது, மணத்தைச் சார்ந்த வேட்டை. ஆகவே தோலில் பூசும் விரட்டி மருந்து உதவும். அமெரிக்க வேளாண்துறை 1944இல் உருவாக்கிய டீட் என்னும் விரட்டி, முதலில் படைவீரர்களுக்கும் 1957 முதல் பொதுமக்களுக்கும் கிடைத்தது. பின்னர் வந்த இகாரிடினும் இணையான பயன் தருவது; டீட்டைப் போல நெகிழியைக் கெடுக்காது. தோலில் பூச விடுபட்ட சிறு இடத்தையும் ஈ தேடிக் கடிக்கும் என்பதால் சீராகப் பூசுதல் வேண்டும். வியர்வையில் கரைந்தால் மீண்டும் பூசவேண்டும். வெயில் தடுப்புக் களிம்பும் பூசுவதாயின் அதை முதலிலும் விரட்டியை அதன்மேலும் இடுவதே முறை. குழந்தைகளுக்குப் பூசுமுன் புட்டியில் குறித்த அகவை வரம்பைப் பார்த்தல் கட்டாயம். மலைநாட்டார் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் சேற்றுநில மணச்செடியான ‘பாக் மிர்ட்டில்’ எண்ணெய்க்கும் ஓரளவு விரட்டும் பண்பு உண்டு. மாந்தர் செவிக்கு எட்டாத ஒலியெழுப்பிப் பூச்சியை ஓட்டும் எனக் கூறி விற்கப்படும் கருவிகளோ பயனற்றவை.

இவ்வரண்களுள் விலையில்லாததும் வலிமை மிக்கதும் காற்றே. மருந்து சில மணிநேரத்தில் மங்கும், வலை மூச்சடைக்கும்; ஆனால் காற்று வீசிக்கொண்டிருக்கும் வரையில் ஈ எழாது. எனவே கூடாரத்துக்கு இடந்தேர்பவர் ஏரியின் எழிலைப் பார்க்குமுன், காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்கட்டும்.