அடர் நடவு பருத்தி: எந்த ரகம், எவ்வளவு இடைவெளி?

பருத்தி விதைக்கத் தயாராகிட்டீங்களா? "நெருக்கி நட்டா மகசூல் கூடும்"னு பலர் சொல்லக் கேட்டிருப்பீங்க. உண்மைதான். ஆனால், எல்லா ரகத்துக்கும் எல்லா மண்ணுக்கும் இது பொருந்தாது. விதை வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

கணக்கு என்ன?

வீரிய ஒட்டுப் பருத்தியை 120 செ.மீ. x 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 5,600 செடிகள் வரும். அடர் நடவில் 100 செ.மீ. x 10 செ.மீ. என்றால் சுமார் 40,000 செடிகள். ஒரு செடியில் காய் குறைந்தாலும், எண்ணிக்கை அதை ஈடுகட்டும். காய்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடிக்கும். பயிர் சீக்கிரம் முடிவதால், கடைசியில் பெருகும் இளஞ்சிவப்பு காய்ப்புழுவிடமிருந்து ஓரளவு தப்பலாம்.

எந்த ரகம்?

பக்கக் கிளைகள் பரப்பி வளரும் ரகத்தை நெருக்கி நடாதீங்க. தழைதான் மண்டும், வெயில் படாமல் அடிக்காய்கள் அழுகும். குட்டையான, நேராக வளரும், குறுகிய கால ரகமே இதற்குச் சரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 17 அப்படிப்பட்டது. தண்டை ஒட்டியே காய் பிடிக்கும். வயது சுமார் 130 நாட்கள்.

செலவைப் பாருங்க

செடி 7 மடங்கு கூடினால் விதையும் அதற்கேற்பக் கூடும். வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்கணும். கோ 17 போன்ற ரகம் என்றால், கலப்பில்லாமல் எடுத்த சொந்த விதையையே அடுத்த பருவத்துக்கும் பயன்படுத்தலாம். அடர் நடவில் இந்த வித்தியாசம் உங்க பணத்தை மிச்சப்படுத்தும்.

மண்ணைப் பாருங்க

நல்ல கரிசல் மண், தாராளமான தண்ணீர், கூடவே அதிக யூரியா என்றால் செடி உயரமாகப் போய்விடும். அங்கே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்க. தழைச்சத்தைப் பிரித்துக் கொடுங்க. வளர்ச்சியைக் கட்டுப்படுத்த மெபிகுவாட் குளோரைடு தெளிக்கலாம். அளவையும் நாளையும் வேளாண் அலுவலரிடம் கேட்டே முடிவு பண்ணுங்க.

செல்போனில் என்ன செய்யலாம்?

'உழவன்' செயலியில் விதை இருப்பு நிலை, வானிலை முன்னறிவிப்பு, உதவி வேளாண்மை அலுவலர் வருகை ஆகியவற்றைப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண்ணில் கேளுங்க.

முதல் முறையா? மொத்த நிலத்திலும் இறங்க வேண்டாம். அரை ஏக்கரில் செய்து பாருங்க; வரவு செலவை எழுதி வையுங்க. அடுத்த பருவத்துக்கு அந்தக் கணக்கே வழிகாட்டும்.