அடுத்த வீட்டு மார்க்கும் அம்மாவின் ஸ்டேட்டஸும்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில், மார்க் லிஸ்ட் கைக்கு வரும் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குரூப் களைகட்டி விடுகிறது. ‘எங்க பாப்பா 571!’ என்று பெரியம்மா போடுவார். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். கூடவே யாராவது ஒருவர், ‘உங்க வீட்டுப் பொண்ணு எவ்வளவு?’ என்று கேட்டு வைப்பார்.

430 வாங்கிய அந்தப் பெண் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். ‘சாப்பிட வாடி!’, ‘பசிக்கலைம்மா...’ காலையில் மார்க் தெரிந்தபோது அவள் அழவில்லை. நினைத்த கோர்ஸுக்கு அதுவே போதும். அழுகை வந்தது, 571-ஐப் பார்த்த பிறகு!

மனிதன் தன் நிலையைப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுத்தான் அளந்துகொள்கிறான் என்று 1954-லேயே எழுதினார், அமெரிக்க உளவியல் அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது நாலு வீடு. அந்த வீட்டுச் சண்டையும் நம் காதில் விழும், குழம்பு தீய்ந்த வாசனையும் வரும். போனில் சண்டை வருவதில்லை. ஊட்டி போட்டோ மட்டும் வருகிறது. அதுவும் நாற்பது எடுத்து, பொறுக்கிப் போட்ட ஒன்று!

பெண் குழந்தைகளுக்கு இந்த ஒப்பீடு உடம்பிலும் வந்து நிற்கிறது. ஃபேஸ்புக் நிறுவனம் தானே நடத்திய ஆய்வு 2021-ல் வெளியே கசிந்தது. தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனக்குறையோடு இருந்த டீன்ஏஜ் பெண்களில் 32 சதவிகிதம் பேர், இன்ஸ்டாகிராம் பார்த்தால் அது இன்னும் கூடுகிறது என்று சொல்லியிருந்தார்கள். மனம் வாடிய பிள்ளை போனைத் தேடுகிறதா, போனால் மனம் வாடுகிறதா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வீட்டில் பார்த்தால் இரண்டுமே நடக்கிறது.

‘கீழே வைன்னு எத்தனை தடவை சொல்றது?’ என்று கத்துகிறோமே... வைக்க முடியாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டார். பந்தியில் மோர் வந்தால் சாப்பாடு முடியப் போகிறது என்று தெரியும். இங்கே மோரே வருவதில்லை, பரிமாறிக்கொண்டே இருக்கிறார்கள்!

அதற்காக போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்ட வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து, 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட் ஒவ்வொன்றுக்கும் தினம் 10 நிமிடம்தான். மூன்றே வாரத்தில் அவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது. தொடக்கத்தில் அதிக மனச்சோர்வோடு இருந்தவர்களுக்கு அதுவும் இறங்கியது.

நம் வீட்டில் முதலில் மாற வேண்டியது இரவு. எல்லோருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்துத்தான், ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். ‘அலாரத்துக்கு வேணுமே’ என்பார்கள். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ‘டிங்’ சத்தங்களை அணைத்து வையுங்கள். யாருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தால் வயிறு எரிகிறதோ, அதை ‘மியூட்’ செய்யுங்கள். சொந்தம் விட்டுப் போகாது, அவர்களுக்குத் தெரியவும் தெரியாது!

அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. மகளின் மார்க்கையோ போட்டோவையோ குரூப்பில் போடும் முன் அவளிடம், ‘போடட்டுமா?’ என்று கேளுங்கள். ‘வேண்டாம்மா’ என்றால் விட்டுவிடுங்கள். பெரியம்மா கேட்டால், ‘பாஸாயிட்டா அக்கா, சந்தோஷமா இருக்கோம்’ போதும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், தோழிகளிடமும் பேசாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பிள்ளை ஒடுங்கியிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்?’ என்று சொல்லிவிட்டால், ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அவளைத் தனியாகவும் விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.