ஆவிற்கும் ஓர் அரண்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்னும் செய்தியைக் கேளாமல் நம் மாவட்டத்தில் ஒரு மழைக்காலம் கழிவது அரிது. கூண்டு ஏறிய செய்தி பரவியவுடன் விசைப்படகுகள் கரையோரம் நெருக்கிக் கட்டப்படுகின்றன. நாட்டுப்படகுகள் மணல்மேட்டிற்கு இழுத்தேற்றப்படுகின்றன. வலைகள் சுருட்டி வீட்டிற்குள் வைக்கப்படுகின்றன. தாழ்வான பகுதிகளில் வாழ்வோர் பள்ளிக்கூடங்களுக்கும் புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். இவ்வளவும் நடைபெறும்போது, வீட்டின் பின்புறத்தில் முளைக்குச்சியில் கட்டப்பட்டிருக்கும் பசுவையும், பட்டியில் அடைபட்டிருக்கும் ஆடுகளையும், கூடையில் கவிழ்த்து மூடப்பட்டிருக்கும் கோழிகளையும் எங்கே கொண்டுசெல்வது என்னும் வினா மட்டும் விடையின்றி நிற்கிறது. அவ்வினாவையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

தமிழுக்கு இவ்வினா புதியதன்று. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாட்டை நம் மாணவர் அனைவரும் அறிவர். போர் தொடங்குமுன், அம்பு பாயும் இடத்தினின்று விலகிப் பாதுகாப்பான இடத்தை அடையுமாறு அறிவிக்கும் அறநெறியை அப்பாட்டு போற்றுகிறது. விலகிச் செல்லவேண்டியோர் வரிசையில் முதலில் நிற்பது ஆ. பெண்டிரும் பிணியாளரும் அதன் பின்னரே வருகின்றனர். ஆவிற்கு அறிவிப்பு எவ்வாறு விளங்கும் என்று வகுப்பறையில் மாணவர் கேட்பதுண்டு. ஆவை ஓட்டிச் செல்வோர்க்குச் சொல்லப்பட்டதே அது என விடையளிப்போம். அவ்விடையிலேயே இன்னொன்றும் அடங்கியுள்ளது. ஓட்டிச் செல்வோர் ஒருவர் இருத்தல் வேண்டும்; ஓட்டிச் சென்று சேர்க்க அரண் ஒன்றும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லையாயின் அறிவிப்பு வெறும் ஒலியே.

தனுட்கோடியும் கோடியக்கரையும்

1964ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் தனுட்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி அலையில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் சிதைந்தது. அந்நாளில் தீவையும் மண்டபத்தையும் இணைக்கும் சாலைப் பாலம் கிடையாது. இன்று நாம் பேருந்தில் கடக்கும் அன்னை இந்திராகாந்தி பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. அப்பேரழிவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மனிதரின் துயரமும் தொடர்வண்டியின் கதையுமே பெரிதும் இடம்பெற்றுள்ளன. அங்கு வாழ்ந்த குடும்பங்களின் ஆடுமாடுகளைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. மனித உயிர் நூற்றுக்கணக்கில் போன இடத்தில் மாட்டைப் பற்றி யார் எண்ணுவர் எனலாம். உண்மையே. ஆயினும் உயிர் பிழைத்தவன் மறுநாள் முதல் எதனைக் கொண்டு வாழ்வது என்னும் கணக்கில் அந்த மாடும் ஆடும் உண்டு. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருள் இருப்பது இக்கணக்கை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

அண்மைக் காலத்துச் சான்று கசா புயல். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே அது கரை கடந்தது. முன்னறிவிப்பு உரிய காலத்தில் கிடைத்தது; மக்களும் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். எனினும் ஆயிரக்கணக்கான ஆடுமாடுகளும் கோழிகளும் மடிந்தன. கோடியக்கரைக் காட்டின் வெளிமான்களும் புள்ளிமான்களும் மட்டக்குதிரைகளும் கடலில் அடித்துச் செல்லப்பட்டுக் காரைக்கால் கரையில் ஒதுங்கின. மக்களுக்குத் திட்டம் இருந்தது. விலங்குகளுக்கு இல்லை என்பதையே இஃது உணர்த்துகிறது.

ஆட்டை விட்டு வராத பாட்டியார்

2020ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் புரெவிப் புயல் இலங்கையின் திரிகோணமலைக் கரையைக் கடந்து, மன்னார் வளைகுடாவிற்குள் நுழைந்து, நம் மாவட்டத்தை நோக்கி வந்தது. அப்பொழுது நம் துறை மாணவர் ஒருவர் தம் கடற்கரைச் சிற்றூரில் இருந்தார். ஊரார் அனைவரும் பள்ளிக்கூடத்திற்குச் சென்ற பின்னரும் அவருடைய பாட்டியார் ஓலைக் கொட்டகையை விட்டு அசையவில்லை. அவரிடம் மூன்று வெள்ளாடுகள் இருந்தன; அவற்றுள் ஒன்று சினையாடு. முகாமில் ஆடுகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டனர். “நீ போ ராசா. இந்த மூணையும் விட்டுட்டு நான் எங்க வர்றது?” என்று கூறிவிட்டு அவர் கொட்டகையிலேயே அமர்ந்துகொண்டார். பாட்டியாரைத் தனியே விட மனமின்றிப் பேரனும் அங்கேயே தங்கினார். பேரனைத் தேடி அவருடைய தந்தையாரும் இரவில் வந்து சேர்ந்தார். மூன்று ஆடுகளின் பொருட்டு மூன்று மனித உயிர்கள் அவ்விரவில் ஓலைக் கூரையின்கீழ் இருந்தன.

புரெவி மன்னார் வளைகுடாவில் நம் கரைக்கு அருகிலேயே வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி நெடுநேரம் நகராமல் நின்றது. மழை கொட்டியது, ஆனால் அஞ்சிய அளவிற்குக் காற்று வீசவில்லை. அதனால் மூவரும் பிழைத்தனர். புயல் தளர்ந்தமையால் பிழைத்தனரேயன்றி நம் ஏற்பாட்டினால் பிழைக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

பாட்டியாரைப் பிடிவாதக்காரர் என்று நகைத்தல் எளிது. ஆனால் அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு கத்ரினா சூறாவளியின்போது நியூ ஆர்லியன்சு நகரில் நிகழ்ந்ததும் இதுவே. நாயையும் பூனையையும் உடன் கொண்டுவரக் கூடாது என்றமையால் பலர் வீட்டை விட்டு வெளியேற மறுத்து வெள்ளத்தில் சிக்கினர். அதன் விளைவாக 2006இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. மாநிலங்களும் நகரங்களும் வகுக்கும் இடம்பெயர்வுத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளும் அவற்றை வைத்திருப்போரும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். அங்கே நாய், இங்கே ஆடு. ஒன்று துணை; மற்றொன்று துணையும் வாழ்வாதாரமும் ஆகும்.

கில்லா என்னும் கோட்டை

செல்வ நாட்டைவிட நமக்கு ஏற்ற முன்மாதிரி நம் அண்டை நாட்டில் உண்டு. 1970 நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த புயல் இலட்சக்கணக்கான மக்களை விழுங்கியது. எண்ணிலடங்காக் கால்நடைகளும் மடிந்தன. விடுதலைக்குப் பின்னர், 1972 முதல், வங்கதேசத்தின் கரையோரங்களில் உயர்ந்த மண்மேடுகள் எழுப்பப்பட்டன. அலை புகும்போது ஆடுமாடுகளை அவற்றின்மீது ஓட்டிச் செல்லலாம். அம்மேடுகளுக்கு முசிப் கில்லா என்று பெயர். கில்லா என்பதற்குக் கோட்டை என்பது பொருள். நெட்டிமையாரின் பாட்டு ஆவிற்குக் காட்டும் அரணும் வங்கத்து உழவன் தன் மாட்டிற்குக் கண்ட கில்லாவும் பொருளால் ஒன்றாய் இருத்தல் நம்மை வியக்கச் செய்கிறது.

நம் மாவட்டத்தில் புதிதாக மேடு எழுப்ப வேண்டிய தேவை எல்லா ஊர்களிலும் இல்லை. கண்மாய்க் கரைகளும் ஊருணிக் கரைகளும் நம் முன்னோர் வெட்டிய மண்ணால் உயர்ந்து நிற்கின்றன. சுற்றுச்சுவருடைய பள்ளி மைதானங்கள் உள்ளன. கண்மாய்க் கரையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும், பெருமழையில் அக்கரை உடையக் கூடியதா என்பதை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிதல் வேண்டும். இராமேசுவரம் தீவின் நிலை வேறு. தீவின் மிக உயர்ந்த இடம் கந்தமாதன பர்வதம் எனப்படும் மணற்குன்றே. ஏனைய பகுதி பெரும்பாலும் தாழ்நிலம். 2024 நவம்பர் 20ஆம் நாள் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்தபோது, புயல் இல்லாமலேயே தெருக்கள் குளங்களாயின. தீவிலிருந்து கால்நடைகளை வெளியேற்ற வேண்டுமாயின் சாலைப் பாலம் ஒன்றே வழி. கடுங்காற்றில் ஆடு ஏற்றிய வண்டியை அப்பாலத்தின்மேல் ஓட்டுதல் அறிவுடைமை ஆகாது. ஆகவே தீவில் வாழ்வோர் மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே முடிவெடுக்க வேண்டியவர்களாவர்.

முடிவெடுக்கக் காலம் இல்லாமலில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. முதற்குறிப்பு ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன்னும், புயல் உசார்நிலை 48 மணி நேரத்திற்கு முன்னும், புயல் எச்சரிக்கை 24 மணி நேரத்திற்கு முன்னும், கரை கடந்த பின்னர் நிகழக்கூடியது பற்றிய அறிவிப்பு 12 மணி நேரத்திற்கு முன்னும் வெளிவருகின்றன. முதற்குறிப்பைக் கேட்டவுடன் கீதாரிகளுக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும். நம் மாவட்டத்துச் செம்மறியாட்டுக் கிடைகள் ஓரிடத்தில் நிற்பன அல்ல. ஊர்ப் பட்டியலில் உள்ள ஆடுகள் அன்றைய நாளில் இருபது கல் தொலைவில் யாரோ ஒருவருடைய வயலில் கிடை போட்டிருக்கும். எந்த அலுவலர் வந்து கணக்கெடுத்தாலும் இவ்வாடுகள் விடுபட்டுப் போகின்றன. ஊருக்கு ஒருவர் கிடைகள் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்திருத்தல் நலம். உசார்நிலையின்போது சினைமாடு, கன்று, குட்டி, நொண்டி ஆகியவற்றை முதலில் மேட்டிற்கு அனுப்பலாம். 24 மணி நேர எச்சரிக்கை வந்த பின்னர் எஞ்சியவற்றை ஓட்டிவிட வேண்டும். காற்று வீசத் தொடங்கிய பின்னர் மாடு ஓட்டப் போகிறவன் மாட்டையும் காப்பதில்லை, தன்னையும் காப்பதில்லை.

கயிறு

இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள விரும்புவோர் இப்பகுதியைக் கொள்க. வெள்ளத்தில் இறக்கும் மாடுகளுள் பல நீந்த இயலாமையால் இறப்பதில்லை. மாடு நன்றாக நீந்தும். கழுத்துக் கயிறு முளையோடு பிணைத்திருப்பதால், நீர் ஏறஏற மூக்கை உயர்த்த முடியாமல் நின்ற இடத்திலேயே அது மூழ்குகிறது. ஓட்டிச் செல்ல வழியே இல்லை என்னும் நிலை வருமாயின், கயிற்றை அறவே அவிழ்த்து, கொட்டிலின் கதவைத் திறந்து விடுதலே நாம் அதற்குச் செய்யக்கூடிய பேருதவி. பாதிக் கயிறு கழுத்தில் தொங்குமாறு விடுதல் கூடாது. அது முட்செடியிலோ வேலியிலோ சிக்கிக்கொள்ளும். தகரக் கூரையும் கல்நார்க் கூரையும் உள்ள கொட்டிலில் அடைத்து வைத்தலும் தவறு. பறக்கும் தகடு வாளை ஒத்தது.

இருட்டில், மழையில், நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்த்தல் எளிதன்று. மழைக்காலம் முழுதும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சையே இடுதல் வேண்டும். கடற்கரை ஊர்களில் இதனைக் கற்பிக்க ஆசிரியர் தேவையில்லை. படகு கட்டும் கைகள் எத்தனையோ முடிச்சுகளை அறிந்தவை. படகிற்குக் காட்டும் அந்தக் கைத்திறனை ஏனோ மாட்டிற்குக் காட்டுவதில்லை.

பூனை வளர்ப்போர் மூடியுள்ள பிளாசுடிக் கூடை ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பின் போதும். புயலின் ஓசையில் மிரண்ட பூனையைக் கையில் ஏந்திச் செல்ல இயலாது. நாய்க்குக் கழுத்துப்பட்டையும் வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டும் வேண்டும். புறாக் கூண்டுகளை மாடியிலிருந்து இறக்கி வீட்டிற்குள் வைத்துவிடலாம்.

தண்ணீரும் தீவனமும்

நம் கரையில் புயலுக்குப் பின்வரும் துன்பமே நீண்டது. கடல்நீர் புகுந்தால் ஊற்றும் கிணறும் உவராகிவிடும். வளர்ந்த பசு ஒன்று நாளொன்றுக்கு 40 முதல் 50 லிட்டர் வரை நீர் பருகும். ஓர் ஆட்டிற்கு 4 அல்லது 5 லிட்டர் வேண்டும். மூன்று நாட்களுக்குரிய நன்னீரை மூடிய தொட்டியில் சேர்த்து வைத்தல் இன்றியமையாதது. வைக்கோல் படப்பின்மேல் தார்ப்பாய் விரித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுதல் வேண்டும். நனைந்து பூசணம் பூத்த வைக்கோல் நஞ்சுடையது. அதனை உதறிப் போடுதலினும் எரித்து விடுதல் நன்று.

முகாம்களில் நல்லெண்ணத்தால் விளையும் தீங்கு ஒன்றையும் சொல்லவேண்டும். எஞ்சிய சோற்றை வாளிவாளியாக மாடுகளுக்கு வைத்து விடுகின்றனர். பழக்கமில்லாத வயிற்றில் மிகுதியான சோறு புளித்து அமிலமாகி மாட்டைச் சாய்த்துவிடும். பொங்கலை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் இத்தகைய மாடுகளைக் காண்பது வழக்கம். பசித்த மாட்டிற்கு வைக்கோலே விருந்து.

தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆடுகளுக்குத் துள்ளுமாரி ஆகியவை மழையை ஒட்டித் தலைதூக்குவன. இவற்றிற்கான தடுப்பூசிகளைப் புரட்டாசி முடிவதற்குள் போட்டுவிடல் வேண்டும். மருத்துவ உதவிக்கு 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

இறந்தவற்றை ஊருணிக்கு எட்டத்தில் ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். புதைப்பதற்கு முன்னர் ஒன்று செய்தல் இன்றியமையாதது. காதில் உள்ள 12 இலக்க வில்லையின் எண் தெரியுமாறு படமெடுத்து, கால்நடை மருத்துவரின் சான்றைப் பெறவேண்டும். 2022இல் திருத்தப்பட்ட பேரிடர் நிவாரண விதிகளின்படி கறவைப் பசுவிற்கு 37,500 ரூபாயும், உழவு மாட்டிற்கு 32,000 ரூபாயும், ஆட்டிற்கு 4,000 ரூபாயும், கோழிக்கு 100 ரூபாயும் வரையறுக்கப்பட்டன. துயரத்தினாலோ நாற்றத்தினாலோ சான்று பெறாமல் உடனே புதைத்துவிட்டுப் பின்னர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் ஏழைகளை நாம் கண்டிருக்கிறோம்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் திட்டம் வகுக்கச் சொல்கிறது. திட்டம் மாவட்டத் தலைநகரில் இருக்கும். பள்ளி மைதானத்துக் கதவின் சாவி ஊரில் ஒருவரிடம் இருக்கும். அவர் யார், நள்ளிரவில் அவரை எழுப்புவது யார், எந்த வீட்டில் எத்தனை உருப்படிகள் உள்ளன, தனித்து வாழும் முதியோரின் ஆடுகளை ஓட்டி வருவது யார் என்பவற்றை ஐப்பசி பிறக்குமுன் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடலாம். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கக்கூடிய பணியே இது. முன்னர்க் குறிப்பிட்ட மாணவர் தம் ஊரில் இதனைத் தொடங்கியுள்ளார். அத்தாளில் அவர் எழுதிய முதற்பெயர் பாட்டியாருடையது. எதிரே “ஆடு 5” என்று குறித்திருக்கிறார்.