பேச்சொலியை எண்களாக்கும் கணிதம்

மனிதரின் பேச்சை எண்களாக மாற்றித் தொலைவிடங்களுக்கு அனுப்பும் முறை இன்று உலகெங்கும் வழங்கி வருகிறது. தொலைபேசியின் அடிப்படை முறையில் ஒலியலையின் உயரம் நொடிக்கு 8,000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 இரும இலக்கங்களால் குறிக்கப்படுவதால், ஒரு நொடிப் பேச்சுக்கு 64,000 இலக்கங்கள் வேண்டியிருக்கின்றன. பலர் பங்கிட்டுக்கொள்ளும் வானொலி அலைவரிசைக்கு இது பெருஞ்சுமையாகும். சொல் விளங்கும் தன்மை கெடாமல் இச்சுமையைக் குறைப்பது எங்ஙனம்?

அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே இதற்கு வழிகாட்டுகிறது. தூய சுரம் ஒன்றை அளந்து 0, 87, 87, 0, −87, −87, 0, 87 என்னும் வரிசை கிடைத்ததாகக் கொள்வோம். முந்திய எண்ணிலிருந்து அதற்கும் முந்திய எண்ணைக் கழித்தால் அடுத்த எண் கிடைக்கும். மாணவர்கள் இதைக் கரும்பலகையிலேயே சரிபார்க்கலாம். ஆகவே முதலிரண்டு எண்களையும் இவ்விதியையும் அனுப்பினாலே போதும். எஞ்சியவற்றைப் பெறுமிடத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பேச்சு இத்துணை எளியதன்று. குரல் நாண்களில் எழும் அதிர்வு, தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் வடிவத்தால் உருப்பெறுகிறது. எனினும் நாவும் உதடுகளும் மெல்லவே அசைவதால், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் அவ்வடிவம் பெரிதும் மாறுவதில்லை எனலாம். அந்நேரத்தில், முந்திய எட்டு அல்லது பத்து அளவுகளைத் தக்க கெழுக்களால் பெருக்கிக் கூட்டினால் அடுத்த அளவு ஏறத்தாழக் கிடைக்கும். கணிப்பில் நேரும் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டிவரும் தொகை மிகச் சிறியதாகுமாறு கெழுக்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இதுவே நேரியல் முன்கணிப்பு முறை.

1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் இதாகுராவும் சைட்டோவும், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிஷ்ணு அடலும் ஷ்ரோடரும் இத்துறைக்கு அடிகோலினர். அடல் கான்பூரில் பிறந்து, லக்னோ பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பயின்றவர்.

கெழுக்களைச் சுருக்கி எழுதுங்கால் ஓர் இடர் நேரும். சிறு பிழை புகுந்தாலும் பெறுமிடத்தில் ஒலி கட்டுமீறிப் பெருகக்கூடும். அதனைத் தவிர்க்க, வாய்க்குழாயைச் சிறு துண்டுகள் இணைந்த ஒன்றாகக் கருதி, ஒவ்வொரு மூட்டிலும் அலை எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் தெறிப்புக் கெழுக்களிலிருந்து பெற்ற எண்களை அனுப்புவதுண்டு. தெறிப்புக் கெழுக்கள் −1க்கும் +1க்கும் இடையே இருக்கும்வரை அவ்விடர் இல்லை.

அமெரிக்க அரசு மேற்கொண்ட ஒரு முறையில் நொடிக்கு 2,400 இலக்கங்களே செலவாயின. அதில் குரல் நாண்களின் அதிர்வு வெறும் துடிப்பாகவோ இரைச்சலாகவோ மட்டும் குறிக்கப்பட்டது. சொல் விளங்கிற்று; பேசுபவர் இன்னார் என்பது மங்கிற்று. ஜி.எஸ்.எம். கைப்பேசியின் முதல் முறையோ, கணிப்புக்கு அடங்காது எஞ்சிய பகுதியையும் சுருக்கி அனுப்பியது. அதனால் நொடிக்கு 13,000 இலக்கங்கள் செலவாயினும், ஆளை அறிய முடிந்தது.

இம்முறைகள் ஒருவர் குரலுக்கென அமைந்தவை. அருகே எந்திர இரைச்சல் கலந்தால் கணிப்புத் தவறி, சொல் சிதையும். ஆகவே களப்பணியாளர்கள் ஒலிவாங்கியை வாயருகே வைத்துப் பேசுவதும், முக்கியமான எண்களை இருமுறை கூறுவதும் நன்று.